எங்கள் ஊர் வடிகான் எந்தப் பக்கம் ஓடுகிறது?

ஐப்பசி மழை தொடங்கப் போகிறது என்றால் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். இந்த முறை தண்ணீர் எங்கள் ஒழுங்கைக்குள் நிற்குமா, நிற்காதா? மட்டிக்களிக் களப்புக்குக் கிட்ட இருப்பவர்கள் மட்டுமல்ல, நகரத்துக்குள் கொஞ்சம் பள்ளமான இடத்தில் வீடு கட்டிய எல்லோருக்கும் இந்தக் கவலை உண்டு. வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும் ஊர் இது. வீதியோரம் புதிதாக வடிகான் கட்டி மூடியும் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த வடிகான் எந்தப் பக்கம் ஓடுகிறது, கடலில் விழுகிறதா களப்பில் விழுகிறதா, நடுவில் எந்த மதகு சின்னது என்று கேட்டால் அந்த வீதியில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது.

பதில் இல்லாமல் இல்லை. வடிகான் வெட்ட முதல் ஒருவர் லெவல், அதாவது நிலத்தின் உயரம், எடுத்திருக்கிறார், இன்னொருவர் அதை ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்திருக்கிறார், மதிப்பீடு போட்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் கொந்தராத்துக்காரர் மண்வெட்டியைத் தொட்டிருக்கிறார். அந்தக் கோப்பு ஏதோ ஒரு அலுவலகத்துக் கொம்பியூட்டரில் இருக்கிறது. எங்கள் ஆதன வரியிலோ, எங்கள் பெயரைச் சொல்லி வாங்கிய கடனிலோ செய்த வேலை அது. அது எங்களுக்கும் கிடைக்க வேண்டும், அதுவும் சுவரில் மாட்டுகிற படமாக இல்லாமல் நாங்களே திறந்து, அளந்து, கணக்குப் பார்க்கக்கூடிய கோப்பாகக் கிடைக்க வேண்டும். இதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

உள்ளூராட்சி சபைகளிடம் என்ன பெரிய வரைபடம் இருக்கப் போகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு பிரதேச சபையின் அன்றாட வேலை முழுவதும் இடம் சார்ந்ததுதான். எந்த வீதி சபைக்குச் சொந்தம், எது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம், எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கிற டிராக்டர் எந்த நாளில் எந்த ஒழுங்கைக்குப் போகும், மயானம் எதுவரை, விளையாட்டு மைதானத்தின் எல்லை எது, வட்டாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வீதி எல்லைச் சான்றிதழ் கேட்டு வருகிறவரின் மதிலுக்கு முன்னால் எத்தனை அடி விடவேண்டும். இது எல்லாமே வரைபட விஷயம். சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் வந்த திட்டங்களில் ஜி.பி.எஸ் கருவி கொடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், ஆலோசகர்கள் வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். அந்த வேலைகளின் முடிவில் ஒரு தடித்த அறிக்கையும் ஒரு சீடியும் கையளிக்கப்பட்டிருக்கும். அறிக்கை அலுமாரியில் நிற்கிறது. சீடி எங்கே என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை.

மக்களுக்கு வந்து சேருவது என்ன? முகப்புத்தகத்தில் போடுகிற ஒரு படம், பெருப்பித்துப் பார்த்தால் எழுத்து எல்லாம் கலங்கிவிடும். இல்லையென்றால் ஸ்கேன் பண்ணிய பி.டி.எஃப், அதுவும் சரிவாக. அதுவும் இல்லையென்றால் வாசலில் மாட்டிய ஒரு பெரிய பிளெக்ஸ். நான் ஒரு சபையில் போய்க் கேட்டபோது அங்கிருந்த உத்தியோகத்தர் அன்பாகவே பதில் சொன்னார். "தம்பி, படம் வேணுமெண்டா சுவரில இருக்கு, போனில எடுத்துக்கொண்டு போங்கோ." "சேர், எனக்குப் படம் இல்லை, அந்தப் படத்தை வரைஞ்ச ஃபைல்தான் வேணும்" என்றேன். அவருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விளங்கவில்லை. அவரில் பிழை சொல்ல மாட்டேன், அவருக்கு அதை யாரும் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வித்தியாசம் இதுதான். படத்தில் ஒரு வடிகான் ஒரு நீலக்கோடு, அவ்வளவே. கோப்பில் அதே கோட்டுக்குப் பின்னால் ஒரு விபர அட்டவணை இருக்கும். அகலம், ஆழம், தொடக்கத்தில் அடித்தளம் கடல் மட்டத்தில் இருந்து எத்தனை மீட்டர், முடிவில் எத்தனை மீட்டர், திறந்ததா மூடியதா, எந்த வருடம் கட்டியது. இந்த இரண்டு உயரங்களும் கிடைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடும். எங்கள் ஊரில் வடிகான்களின் இறக்கம் மிகக் குறைவு. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையில் ஒரு சாண் வித்தியாசம் மாறிப் போனாலே தண்ணீர் திரும்பி வந்து வீட்டுப் படியில் ஏறும். இதைச் செய்மதியில் இருந்து பார்க்க முடியாது. 2000ஆம் ஆண்டு விண்ணோடத்தில் இருந்து எடுத்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரத்தில் சில மீட்டர் பிழை அதில் சாதாரணம். பெரிய மலைக்கும் ஆற்றுக்கும் அது போதும், எங்கள் நகரத்து என்.சி. வீதி வடிகானுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. லெவல் கருவியை வீதியில் நிறுத்தி அளந்தவரிடம் மட்டும்தான் அந்த எண் இருக்கிறது. அவர் அளந்ததைச் சபை பூட்டி வைத்தால் அதைப் பெற வேறு வழியே கிடையாது.

சரி, ஒருவர் கோப்பைத் தர மனம் வைத்தார் என்று வைப்போம். அதற்குப் பிறகு வருகிற சிக்கல்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தருகிறவர்கள் இதை ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு எல்லாருக்கும் லேசு.

எனக்கு ஒரு இடத்தில் இருந்து மின்னஞ்சலில் ஷேப்ஃபைல் என்ற வடிவில் ஒரு வரைபடக் கோப்பு வந்தது. ஷேப்ஃபைல் என்பது ஒற்றைக் கோப்பு இல்லை. ஒரே பெயரில் குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்து வரவேண்டும்: வடிவங்களை வைத்திருக்கும் எஸ்.எச்.பி, அதன் சுட்டியான எஸ்.எச்.எக்ஸ், அட்டவணையை வைத்திருக்கும் டி.பி.எஃப். இவற்றோடு பி.ஆர்.ஜே என்று நாலாவதாக ஒன்றும் வந்தால்தான் அது எந்த ஆள்கூற்று முறையில், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை எங்கிருந்து அளக்கிற முறையில், வரையப்பட்டது என்று கொம்பியூட்டருக்குத் தெரியும். எனக்கு வந்தது எஸ்.எச்.பி மட்டும். அட்டவணை இல்லாமல் வெறும் கோடுகள். திரும்பக் கேட்டு மிச்சத்தையும் வாங்கினேன், பி.ஆர்.ஜே மட்டும் கடைசி வரை வரவில்லை.

அது ஏன் முக்கியம் என்றால், இலங்கையில் இரண்டு ஆள்கூற்றுக் கட்டங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் மூலம் பீதுருதாலகால மலைப் பக்கம்தான். பழைய கட்டத்தில் அந்த மூலப்புள்ளிக்குக் கிழக்காக 200,000, வடக்காக 200,000 மீட்டர் என்று பெறுமதி கொடுத்தார்கள். 1999இல் வந்த புதிய கட்டத்தில் அதை 500,000 ஆக்கினார்கள். எது எதுவென்று எழுதாத பழைய கட்டத்துக் கோப்பைப் புதியது என்று நினைத்துத் திறந்தால் எல்லாமே 300 கிலோமீட்டர் தெற்காகவும் 300 கிலோமீட்டர் மேற்காகவும் நகர்ந்துவிடும், அதாவது திருகோணமலை வீதிகள் முழுவதும் காலிக்கு மேற்கே நடுக்கடலில் போய் நிற்கும். அது பரவாயில்லை, பார்த்த உடனே பிழை என்று தெரிகிறது. பயப்பட வேண்டியது சின்னப் பிழைகளுக்குத்தான். போனில் இருக்கிற ஜி.பி.எஸ் வேறொரு புவி மாதிரியை வைத்துக் கணக்குப் போடுகிறது, நில அளவைத் திணைக்களத்தின் கட்டம் இன்னொன்றை வைத்துப் போடுகிறது. இடையில் மாற்றத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் வீதி ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமுமாக விலகி நிற்கும். அதை நம்பி யாராவது மதில் கட்டினால் வழக்கில்தான் போய் முடியும். EPSG என்ற உலகப் பட்டியலில் இந்தக் கட்டங்களுக்கு இலக்கம் இருக்கிறது: புதிய கட்டம் என்றால் 5235, பழையது என்றால் 5234. இந்த நாலு இலக்கத்தைக் கோப்போடு ஒரு வரியில் எழுதி அனுப்பினால் போதும்.

அட்டவணையைத் திறந்தால் அடுத்தது பாமினி. வீதிப் பெயர்களைத் தமிழில்தான் அடித்திருந்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத மென்பொருளில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது. எங்கள் அலுவலகங்களில் கடிதம் அடித்துப் பழகிய கை வரைபடத்திலும் அதையே அடிக்கிறது. எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன, நானும் மாற்றினேன். ஆனாலும் ஒரு மாற்றி எழுத்தை விட்டுவிடும், இன்னொன்று கொம்பைப் பிரித்துப் போடும், கடைசியில் ஒவ்வொரு பெயராகக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யத்தான் வேண்டும். தொடக்கத்திலேயே யுனிகோடில் அடிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை.

இவ்வளவும் தொழில்நுட்பம். இதைவிடப் பெரியது, கோட்டைப் பார்க்க முடியாமல் போவதால் மனிதர்களுக்கு என்ன நடக்கிறது என்பது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நடந்ததை எங்கள் கரையோர மக்கள் மறக்க மாட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் கடலில் இருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர், அதற்குள் வீடு கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். பிறகு அதைத் தளர்த்தியும் விட்டார்கள். ஆனால் அறிவிப்பு நடைமுறையில் இருந்த மாதங்களில் திருக்கடலூரில் இருந்து குச்சவெளி வரைக்கும், அந்தப் பக்கம் கிண்ணியா, மூதூர் வரைக்கும், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கேள்வி ஒன்றுதான்: என்னுடைய அத்திவாரம் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா? 200 மீட்டர் எங்கிருந்து, வற்றுக் கடலில் இருந்தா பெருக்கில் இருந்தா, மணல் திட்டில் இருந்தா? கையில் ஒரு வரைபடம் இருந்திருந்தால் வாதாடியிருக்கலாம், குறைந்தது திட்டமிட்டாவது இருக்கலாம். கிராம சேவகர் சொல்வதையும் உத்தியோகத்தர் நடந்து காட்டுவதையும் நம்பி இருந்தார்கள். ஒரு கோடு ஒருவரின் வீட்டைத் தீர்மானிக்கிறது என்றால் அந்தக் கோட்டைக் கோப்பாகப் பெறுவது அவருடைய உரிமை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

யாரும் மறக்கக்கூடாது என்பதற்காகத் திகதியோடு சொல்கிறேன், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகியபோது மூதூர், வெருகல், சேருவில பக்கம் தண்ணீர் ஏறியது. இப்படியான நேரத்தில் வெள்ளப் பரப்பைச் செய்மதிப் படத்தில் இருந்து சில மணித்தியாலங்களுக்குள் வரைந்து விடலாம், ஐரோப்பாவின் சென்டினல் செய்மதிகளின் தரவு யாருக்கும் இலவசம். ஆனால் அந்த நீலப் பரப்புக்கு அடியில் எந்தக் கிராம சேவகர் பிரிவு இருக்கிறது, எந்த உள்வீதியில் படகு இல்லாமல் போக முடியாது, எந்தப் பாடசாலை மேட்டில் இருக்கிறது என்பதைச் சொல்ல உள்ளூர்த் தரவுதான் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம சேவகர் பிரிவுகள். அந்த எல்லைகளை ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் மனிதாபிமானத் தரவுத் தளத்தில் யாரும் தரவிறக்கலாம். அதற்குக் கீழே இறங்கினால், அதாவது ஒழுங்கை, மதகு, பொதுக் கிணறு என்று வந்தால், சபைகளிடம் கேட்டால்தான் உண்டு.

பக்கத்து மட்டக்களப்பில் ஒரு நல்ல காரியம் நடந்தது. உலக வங்கியின் ஆதரவோடு மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில், அனர்த்த முகாமைத்துவ வேலைக்காக, 30,000க்கு மேற்பட்ட கட்டடங்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்பில் வரைந்தார்கள். அது 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம், யாரும் வரையலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அந்தக் கட்டடங்கள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன, திட்டம் முடிந்து வந்தவர்கள் போன பிறகும். இது எனக்குப் பிடித்த விஷயம். ஒரு அலுவலகத்தின் இணையத்தளத்தில் மட்டும் வைத்திருந்தால் வாடகைப் பணம் கட்டாத வருடத்தில் எல்லாம் போயிருக்கும். அதே வரைபடத்தில் திருகோணமலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நகரம் பரவாயில்லை, உப்புவெளி, நிலாவெளி பக்கம் ஹோட்டல்கள் இருப்பதால் அங்கும் ஓரளவு இருக்கிறது. உள்ளே கன்னியா, தம்பலகாமம் பக்கம் போனால் இடைவெளி தெரியும். நாங்கள் சிலர் மாலை வேளைகளில் மைக்ரோசொஃப்டின் பிங் செய்மதிப் படத்தைப் பார்த்து வரைகிறோம், அப்படி வரைய அந்த நிறுவனம் 2010இல் அனுமதி கொடுத்தது. கூகுள் மெப்பைப் பார்த்து அப்படி வரைய அனுமதி இல்லை, இதைச் சபைகளில் வேலை செய்கிற நண்பர்களும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கூகுள் படத்துக்கு மேல் கோடு போட்டு உருவாக்கிய வீதிப் படத்தைப் பிறகு வெளியே கொடுக்கச் சட்டச் சிக்கல் வரும்.

இங்கிலாந்தில் இதே சிக்கல் இன்னொரு விதமாக வந்தது. அங்கே உள்ளூர் சபைகள் தங்கள் தரவை அரச வரைபட நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் படத்துக்கு மேல் வரைந்திருந்தன. அதனால் பூங்கா எங்கே, கழிப்பறை எங்கே என்பதைக்கூடத் தாராளமாக வெளியிட முடியாமல் தடுமாறின, அடிப்படம் வேறொருவருடையது என்பதால். 2010 ஏப்ரலில் அந்த நிறுவனம் தன் தரவில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்ட பிறகுதான் நிலைமை இளகத் தொடங்கியது. எங்கள் நாட்டில் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. இருநூறு வருடங்களுக்கு மேலான வேலை அங்கே குவிந்திருக்கிறது, அதன் இலக்கமுறைத் தரவைக் காசுக்குத்தான் வாங்க வேண்டும். சபைகள் "அடிப்படம் எங்களுடையது இல்லை" என்று சொல்லும்போது அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சபை தானே அளந்த வடிகானும், தானே நட்ட விளக்குக் கம்பமும் யாருடைய அடிப்படமும் இல்லை.

காசு பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து வழக்குகள்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரேஞ்ச் கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகம் 640,000க்கு மேற்பட்ட காணித் துண்டுகளின் எல்லைகளைக் கணினி வரைபடமாக வைத்திருந்தது. சியாரா கிளப் என்ற சுற்றாடல் அமைப்பு அதைக் கேட்டபோது, பி.டி.எஃப் தருகிறோம், தரவுக் கோப்பு வேண்டுமென்றால் உரிமம் எடுத்து 375,000 டொலர் கட்டுங்கள் என்றது நிர்வாகம். சட்டத்தில் மென்பொருளுக்கு விலக்கு இருக்கிறது, வரைபடத் தரவும் மென்பொருள்தான் என்பது அவர்களின் வாதம். 2013 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மென்பொருள் வேறு, அதனால் படிக்கப்படும் தரவு வேறு, தரவு பொது ஆவணம், மற்ற ஆவணங்களைப் போல அதையும் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. அதற்கு முதல் 2009இல் சாண்டா கிளாரா கவுண்டியின் வழக்கில் நிர்வாகம் பாதுகாப்புக் காரணத்தையும் சொல்லிப் பார்த்தது, தண்ணீர்க் குழாய்கள் எங்கே போகின்றன என்று தெரிந்துவிடும் என்று. அதுவும் எடுபடவில்லை. அதே 2013இல் நியூயோர்க் மாநகரம் அதுவரை காசுக்கு விற்ற காணித் தரவை இலவசமாக்கியது. இந்தியாவைப் பார்த்தாலும், தமிழ்நாட்டில் சர்வே இலக்கம் தெரிந்த ஒருவர் காணியின் புலப்படத்தை அரசின் தளத்தில் வீட்டில் இருந்தே பார்க்கிறார்.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் கனம் அதிகம். துறைமுகம் இருக்கிறது, கடற்படைத் தளம் இருக்கிறது, சீனக்குடாவில் விமானத் தளம் இருக்கிறது. யுத்த காலத்தில் கையால் வரைந்த ஒரு படத்தைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடக்க யாருக்கும் துணிவு வராது. அந்தப் பயம் அலுவலக மேசைகளிலும் இன்னும் இருக்கிறது, "எதுக்கும் மேலிடத்தில கேட்டுச் சொல்லுறன்" என்ற பதிலில் அது தெரியும். படைத்தளங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பாலையூற்றில் எந்தச் சந்தியில் விளக்கு எரியவில்லை என்பதற்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் சம்பந்தம் கிடையாது.

தரக்கூடாத தரவும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆதன வரிப் பதிவேட்டில் வீட்டு இலக்கத்தோடு சொந்தக்காரர் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் இருக்கும். யார் வெளிநாட்டில், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்தக் காணிக்கு உறுதி இல்லை, எது அனுமதிப்பத்திரக் காணி என்று ஊருக்கெல்லாம் தெரியவேண்டிய அவசியம் இல்லை. இடம்பெயர்ந்து போய் வந்த மக்கள் வாழ்கிற மாவட்டத்தில் இந்தத் தகவல் தவறான கைக்குப் போனால் காணியே போகலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆகவே வீட்டு இலக்கமும் இடமும் வெளியே வரட்டும், பெயரும் பாக்கியும் உள்ளே இருக்கட்டும். அந்த நிரல்களை அழித்துவிட்டுச் சேமிக்கச் சில நிமிடம்கூட எடுக்காது. தனிப்பட்ட தகவல் இருக்கிறது என்பதைக் காட்டி வடிகானையும் மதகையும் சேர்த்து மறைப்பதுதான் சரியில்லை.

சபைகள் இதற்காகப் பெரிய இணையத்தளம் ஒன்றும் கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெருப்பித்துச் சுருக்கிப் பார்க்கிற, நிறம் நிறமாக மின்னுகிற தளங்களைத் திட்டக் காசில் கட்டுவார்கள். திறப்பு விழாவில் நாடா வெட்டுவார்கள், திட்டம் முடிந்ததும் கடவுச்சொல் தெரிந்தவர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார், தளம் திறக்காது. திறந்தாலும் பார்க்க மட்டும் விடும், தரவிறக்க விடாது. எனக்குத் தேவை இருக்கிற இணையத்தளத்தில் ஒரு பக்கம், அதில் சில கோப்புகள். வீதிகள் ஒன்று, வடிகானும் மதகும் ஒன்று, விளக்குக் கம்பங்கள் ஒன்று, வட்டார எல்லை ஒன்று. ஜியோபெக்கேஜ் என்ற வடிவம் நல்லது, எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும், நிரல் பெயரைப் பத்து எழுத்துக்குள் வெட்ட வேண்டியதும் இல்லை. அது முடியாதென்றால் ஷேப்ஃபைலை முழுதாக ஒரு சிப் (zip) கோப்பில் போடலாம். விளக்குக் கம்பம் மாதிரிப் புள்ளிகளுக்கு எக்செல் தாளே போதும், அகலாங்கும் நெட்டாங்கும் இரண்டு நிரலில் இருந்தால் சரி. பக்கத்தில் எப்போது அளந்தது, எந்தக் கட்டம், யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு பந்தி. இதைச் செய்யக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சபையின் பழைய கொம்பியூட்டரிலும் ஓடும்.

திகதியை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், திகதி இல்லாத வரைபடம் ஆபத்து. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்ததற்கு முதல் வரைந்த படத்தில் அந்த இடத்தில் படகுத்துறைதான் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்புலன்ஸ் ஓடும் தூரத்தைக் கணக்குப் போட்டால் என்ன வரும்? பழைய படம் வேண்டாம் என்று சொல்லவில்லை, எது எந்த வருடத்தது என்று தெரிந்தால் பழையதும் பொக்கிஷம், கடல் எவ்வளவு கரையை எடுத்தது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

தானாகத் தரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது, உள்ளூராட்சி சபைகளும் அதற்குள் வருகின்றன. அந்தச் சட்டம் தகவல் என்றால் என்ன என்று சொல்கிற இடத்தை வாசியுங்கள், திட்டப்படம், வரைபடம், இயந்திரத்தால் வாசிக்கக்கூடிய பதிவு, கணினிப் பதிவு எல்லாம் அதில் இருக்கின்றன. கேட்ட வடிவத்திலேயே கொடுக்க வேண்டும் என்பதும் பொது விதி. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

கேட்கிற விதத்தில்தான் காரியம் இருக்கிறது. "வடிகான் வரைபடம் தேவை" என்று எழுதினால் போட்டோகொப்பிதான் வரும். நான் எழுதுகிறதை அப்படியே தருகிறேன், தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: "சபையின் எல்லைக்குள் அமைக்கப்பட்ட வடிகான்கள், மதகுகள் தொடர்பாகச் சபையிடம் உள்ள கணினிக் கோப்புகள், ஓட்டோகேட் அல்லது ஷேப்ஃபைல் எந்த வடிவில் உள்ளதோ அதே வடிவில், சகல துணைக் கோப்புகளுடனும், அளவிடப்பட்ட திகதி, பயன்படுத்தப்பட்ட ஆள்கூற்று முறை ஆகிய விபரங்களுடனும், மின்னஞ்சல் மூலம் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தனிநபர்களின் பெயர் விபரங்கள் தேவையில்லை." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால் மறுக்க ஒரு காரணம் குறையும்.

சபைக்குள் வேலை செய்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களிடம் இருக்கிற கோப்பு குழம்பிக் கிடக்கிறது, காட்ட வெட்கம் என்று நினைக்க வேண்டாம். குழம்பியபடியே தாருங்கள். பாமினியை யுனிகோடாக்கி, கட்டத்தைச் சரிபார்த்து, கோடுகளை ஒட்டித் திரும்ப உங்களிடமே தர எங்களில் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம், காசு எதுவும் வேண்டாம். முதலில் நகரத்தையும் "பட்டினமும் சூழலும்" பிரதேச சபைப் பகுதியையும் பார்க்க எண்ணியிருக்கிறோம். கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் சபையில் கேட்டு என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள், மறுத்திருந்தால் மறுத்த கடிதத்தையும் பெயர், விலாசத்தை மறைத்துப் போடுங்கள், மேன்முறையீடு எழுத நான் உதவி செய்கிறேன்.